மாத்திரை சாப்பிடுகிறான், குரல் மட்டும் நிற்கவில்லை
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலைக்குப் போனவன், எதிர்வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், காதில் யாரோ திட்டுகிறார்கள் என்று வீட்டை விட்டு இறங்குவதில்லை. மாத்திரையால் தூக்கம் வருகிறது. குரல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. டாக்டர் தெரபிக்கும் (பேச்சுவழி மனநலச் சிகிச்சை) போகச் சொல்கிறார். “அப்படியெல்லாம் ஒன்றுமில்லை” என்று நாங்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டோம். இன்னொருவர் பேசி என்ன ஆகப்போகிறது?
– ஒரு தாய், சேலம்

பதில்: நீங்கள் சொன்னதையே தெரபி தரும் சைக்காலஜிஸ்டும் சொல்லப்போவதில்லை. மறுத்துப் பேசினால் மகன் இன்னும் நாலு சாட்சி தேடுவான். ஒத்துப்பாடினால் பயம் கூடும். முதல் சில அமர்வுகளில் சைக்காலஜிஸ்ட் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார். பிறகு ஒரு நோட்டு: குரல் எத்தனை மணிக்கு வந்தது, என்ன சொன்னது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தான், எது செய்தபோது அடங்கியது. தனியாகப் படுத்திருக்கும்போது கூடுகிறது, வாய்விட்டுப் படித்தால் குறைகிறது என்று அவனே கண்டுபிடித்தால் பாதி பிடி அவன் கைக்கு வந்துவிடும்.

அடுத்தது சந்தேகம். “என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்” என்பதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறாய் என்று கேட்பார். 90 என்றால், அவர்கள் போனில் வேறு என்னவெல்லாம் பேசியிருக்கலாம் என்று இருவரும் எழுதிப் பார்ப்பார்கள். பிறகு வாசலில் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பது போன்ற சின்னச் சோதனை. 90 அறுபதானாலே பட்டறைப் பக்கம் போக வழி பிறக்கும். குரல் முழுதாக நின்றால்தான் வெற்றி என்று காத்திருக்காதீர்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் அவசரத்தால்தான். நம்பிக்கை வருமுன் சோதனைக்குத் தள்ளினால் தெரபிஸ்டும் எதிரிக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவார். மூன்று தடவை போய்விட்டு “பலனில்லை” என்று நிறுத்துவதும் உண்டு. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் இந்தத் தெரபிக்குக் குறைந்தது 16 அமர்வுகள் என்கிறது. குடும்பத்துக்கென்று தனியாகக் குறைந்தது 10 அமர்வுகளும் உண்டு, அது உங்களுக்கு. மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

வீட்டில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “எனக்கு அந்தக் குரல் கேட்கலப்பா. ஆனா நீ பயப்படறது தெரியுது.”

குரல் “செத்துப்போ” என்றோ யாரையாவது அடிக்கவோ சொன்னால் அமர்வுத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் இரவிலும் எடுப்பார்கள்.

கேள்வி: மனநோய் உள்ள தம்பியைக் கோயிலில் கட்டிவைத்தால் சரியாகும் என்கிறார்களே?
– வாசகர், ஏற்காடு

பதில்: கும்பிடப் போங்கள், மாத்திரையோடு. கட்டிவைப்பது வேறு: மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017 மனநலச் சட்டம் எந்த வடிவிலும் தடைசெய்கிறது.