எனக்குச் சென்னை என்றால் மடிப்பாக்கம்தான்

“பெரிய நகரம் பிடிக்காது, ஆனால் நெருங்கிய நண்பர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். எப்படிப் போய் வருகிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஊர் சென்னை. நான் திருநெல்வேலிக்காரன். பதினைந்து வருடமாகப் போய் வருகிறேன், இன்னமும் மனசு ஒட்டவில்லை. ராத்திரியிலும் விடாத புழுக்கம், எங்கே கிளம்பினாலும் ஒன்றரை மணி நேரம். இது மாறும் என்று தோன்றவும் இல்லை.

ஆரம்பத்தில் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவன்போலப் போனேன். அதுதான் தப்பு. நண்பன் வீடு மடிப்பாக்கம், வேலை சிறுசேரியில். வார நாளில் போய் இறங்கினால் அவன் இரவு எட்டரைக்குத்தான் வருவான். வந்ததும் களைப்போடு வண்டியை எடுப்பான். மெரினா, மால் என்று அலைந்து பாதி நேரம் சிக்னலில் போய்விடும். பேச வேண்டியதைப் பேசாமலே ஊர் திரும்புவேன்.

2019 ஜூனில் போனபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் கிட்டத்தட்ட வற்றிக் கிடந்த நேரம். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அதற்கு முந்தைய மாதம். “வரட்டுமா?” என்று போனில் கேட்டேன். “வாலே” என்றான், அவ்வளவுதான். குளியலறையில் இரண்டு வாளித் தண்ணீர் தட்டு போட்டு மூடியிருந்தது. ஆற்றங்கரையில் வளர்ந்தவன் குளிக்கிறமாதிரி இரண்டையும் தீர்த்துவிட்டு வந்தேன். அடுக்களையில் மதினி அரிசி கழுவிய தண்ணீரை ஒரு சட்டியில் பிடித்து வைத்து, அதிலேயே பாத்திரம் அலசிக்கொண்டிருந்தார். லாரி வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. “சித்தப்பா வர்றாங்கன்னு நாங்க நேத்து குளிக்கல” என்று சின்னவள்தான் சொன்னாள்.

அன்று ராத்திரி எங்கேயும் போகவில்லை. மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். “ஆத்துல தண்ணி ஓடுதால?” என்று கேட்டான். “குறுக்குத்துறையில முழங்கால் அளவு ஓடுது” என்றேன். நாங்கள் இரண்டு பேரும் நீச்சல் பழகிய இடம் அது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் விடிகிற வரைக்கும் பேசினோம். கடனைப் பற்றி, அவன் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி, அதுவரை அவன் என்னிடம் சொல்லாத எல்லாவற்றையும்.

அதிலிருந்து எனக்கு வேண்டியது அந்த வீடும் அந்தத் தெருவும்தான் என்று முடிவு செய்துவிட்டேன். வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸ், ஞாயிறு இரவு திரும்பல். எழும்பூர் வரைக்கும் போவதில்லை, தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் பரங்கிமலை, அங்கிருந்து ஆட்டோ. 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத்தும் ஓடுகிறது, எட்டு மணி நேரத்துக்குள் எழும்பூர் போய்விடலாம். ஆனால் இரண்டு நாள் பயணத்தில் ஒரு பகலை ரயிலுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சனிக்கிழமை அவனுக்கு என்ன வேலையோ அதற்குக் கூடவே போவேன். மீன் கடை, மாவு மில், சின்னவளைப் பாட்டு வகுப்பில் விடுவது. மெட்ரோ வேலைக்காக மேடவாக்கம் சாலையைத் தோண்டிப் போட்டிருப்பதால் பெரும்பாலும் நடைதான், பேசிக்கொண்டே நடக்க அதுவும் வசதி.

கொளத்தூரில் இன்னொரு நண்பன் இருக்கிறான். ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கும் போக முயற்சி செய்யாதீர்கள், நாள் முழுக்க ரோட்டிலேயே போய்விடும். அவன் திருமங்கலத்தில் மெட்ரோ ஏறுவான், நாங்கள் பரங்கிமலையில் ஏறுவோம், வடபழனி முருகன் கோயிலில் சந்திப்போம். தரிசனம் முடிந்து காபி குடித்துப் பிரிய மூன்று மணி நேரமாவது ஆகும்.

இப்போது அந்த வீட்டுக் குழாயில் நன்றாகவே தண்ணீர் வருகிறது. இருந்தாலும் நான் ஒரு வாளிக்கு மேல் எடுப்பதில்லை. போன தடவை தாம்பரத்தில் வண்டி ஏற்றிவிட வந்தவன், ரயில் நகரும்போது ஜன்னலோடு நடந்துகொண்டே, “ஏல, ஒன் மதினி உடன்குடிக் கருப்பட்டி கேட்டா” என்றான். வருகிற வெள்ளிக்கு டிக்கெட் போட்டாயிற்று. கருப்பட்டி இரண்டு கிலோ வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன்.