கணினி கேள்வி–பதில்: தடுத்த பின்னும் பிங் போவது ஏன்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் கொண்ட லினக்ஸ் கணினி ஒன்றே ஃபயர்வாலாக (உள்ளும் வெளியும் போகும் தரவை வடிகட்டும் காவலாக) இயங்குகிறது. உள்ளே இருக்கும் விண்டோஸ் கணினிகள் இணையத்தில் உள்ள எதையும் பிங் செய்யாதபடி (அதாவது, பதில் வருகிறதா என்று சோதிக்காதபடி), லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில், இன்புட் செயின் என்ற விதி வரிசையின் கடைசியில், பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி நெறிமுறையைத் தடுக்கும் விதியைச் சேர்த்தேன். ஆனாலும் பிங்குக்குப் பதில் வந்துகொண்டே இருக்கிறது. எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் தேர்ந்தெடுத்த செயினில்தான் தவறு. ஃபயர்வால் கணினிக்கென்றே வரும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) மட்டுமே இன்புட் செயின் பார்க்கும். ஊழியரின் கணினியிலிருந்து கிளம்பி ஃபயர்வாலைக் கடந்து வெளியே செல்லும் பாக்கெட்டுகள் ஃபார்வர்டு செயின் வழியாகப் போவதால், அவை உங்கள் விதியை எட்டுவதே இல்லை. விதிகளை, அவை பிடித்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கையோடு பட்டியலிட்டுப் பாருங்கள். ஃபயர்வாலையே யாரும் பிங் செய்யாதவரை, உங்கள் விதிக்கு நேரே 0 என்றுதான் இருக்கும். இத்தகைய சிக்கல்களில் நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

விதியை ஃபார்வர்டு செயினுக்கு மாற்றும்போது, கடைசியில் சேர்க்காமல் மேலே நுழையுங்கள். விதிகள் மேலிருந்து கீழாக ஒப்பிடப்படுவதால், உள் கணினிகளின் எல்லாப் பாக்கெட்டுகளையும் அனுமதிக்கும் விதி முன்னால் இருந்தால், அதற்குக் கீழே உள்ள தடைக்கு வேலையே இருக்காது. ஏற்கெனவே தொடங்கிய தொடர்புகளை அனுமதிக்கும் விதிக்குக் கீழே உங்கள் தடையை வைத்தீர்களானால், ஓடிக்கொண்டிருக்கும் பிங் நிற்காது. விண்டோஸின் பிங் கட்டளை ஒவ்வொரு முறையும் ஒரே அடையாள எண்ணையே பயன்படுத்துவதால், அதை நிறுத்தி உடனே மறுபடி கொடுத்தாலும் ஃபயர்வால் அதைப் பழைய தொடர்பாகவே கருதும். பிங் நின்றபின், அந்தத் தொடர்பு பற்றிய ஃபயர்வாலின் நினைவு இயல்பாக 30 விநாடிகளில் அழியும். ஒரு நிமிடம் பொறுத்துச் சோதியுங்கள்.

ஐசிஎம்பி முழுவதையும் தடுக்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். பிங் கோரிக்கை அதன் 8ஆம் வகை. அதை மட்டும் தடுத்தால் போதும். பாக்கெட் பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு என்று வழியிலுள்ள ரவுட்டர்கள் சொல்வது 3ஆம் வகையில்தான். அதையும் தடுத்துவிட்டால் சில இணையதளங்கள் பாதி திறந்து அப்படியே நின்றுவிடும், காரணமும் எளிதில் பிடிபடாது.

ஒரே சுவிட்சில் ஒரே சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரே பிரிவில்) உள்ள கணினிகள் ஒன்றையொன்று பிங் செய்வது ஃபயர்வாலுக்கு வருவதே இல்லை. அதைத் தடுக்க ஒவ்வொரு கணினியிலும் உள்ள விண்டோஸ் ஃபயர்வாலில்தான் விதி எழுத வேண்டும்.