ஜாம்பி வருவதற்குள் டேங்க்கை நிரப்புங்கள்!

வாசகர் கேள்வி – பதில்

கே: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு, மூன்றாவது மாடி, வீட்டில் நான்கு பேர். ஊரே ஜாம்பி ஆகிவிட்டால் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்க முதலில் என்ன செய்ய வேண்டும்?

ப: மோட்டாரைப் போடுங்கள். கரன்ட் போவதற்குள் மொட்டைமாடி டேங்க் நிரம்பியாக வேண்டும். போய்விட்டால் சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் இருந்தும் பயனில்லை. அதை எடுக்கக் கீழே இறங்க வேண்டும், கீழே யார் நிற்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். குடிக்க, சமைக்க, கை கழுவ ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வையுங்கள். நாலு பேருக்கு 14 நாளைக்கு 224 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் பன்னிரண்டு.

டேங்க் நிறைந்ததும், அங்கிருந்து வீட்டுக்குத் தண்ணீர் இறங்கும் குழாயில் மாடியில் இருக்கும் கேட் வால்வை மூடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். திறந்தே கிடந்தால் ஃப்ளஷ் ஒரு இழுப்புக்கு 6 முதல் 10 லிட்டர் விழுங்கும். இரண்டு பேரின் ஒரு நாள் பங்கு ஒரே இழுப்பில் காலி. பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து அதைக் கழிவறைக்கு ஊற்றுங்கள்.

டேங்க் தண்ணீரை அப்படியே குடிக்கக்கூடாது. காஸ் இருந்தால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்தால் போதும். காஸை மிச்சம் பிடிக்க நினைத்தால் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் (துணி வெளுக்கும் ப்ளீச்): லிட்டருக்கு 2 சொட்டு. 20 லிட்டர் கேனுக்கு 40 சொட்டு. ஊசி போடும் சிரிஞ்சில் அளந்தால் 2 மி.லி. கலக்கி அரை மணி நேரம் விடுங்கள். முகர்ந்தால் லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வரவில்லையா, இன்னொரு முறை அதே அளவு விட்டுக் கால் மணி பொறுங்கள். கலங்கல் தண்ணீர் என்றால் வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டிவிட்டு, சொட்டை இரட்டிப்பாக்குங்கள். வாசனை சேர்த்ததும் சோப்பு கலந்ததும் ஆகாது. ஒரு வருடத்துக்கு மேல் அலமாரியில் கிடந்த பாட்டிலில் வீரியம் குறைந்திருக்கும். இதைப் பாத்ரூம் ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். ஜன்னலெல்லாம் மூடிய வீட்டில் அப்புறம் ஜாம்பிக்கு வேலையே இருக்காது.

கே: குக்கர் விசில் சத்தத்துக்கு ஜாம்பி வருமா?

ப: சத்தத்துக்கு வரும் ரகம் என்றால் நாலு விசில் தெருவையே கூட்டிவிடும். பச்சரிசியை அரை மணி ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டு, கனமான பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு இறுக மூடுங்கள். இறக்கிக் கம்பளியில் சுற்றி வைத்தால் அரை மணியில் சூட்டிலேயே வெந்துவிடும். நடுவில் திறந்து பார்த்தால் சூடு போய் நடுவரிசி நறுக்கென்று நிற்கும். புழுங்கலரிசிக்கு இந்த வித்தை சரிவராது. முதல் வாரத்துக்கு அவலும் பொட்டுக்கடலையும் போதும், அடுப்பே வேண்டாம்.

கே: எங்கள் ஊர் ஆம்பூர். பெருநகரம் இல்லை என்பதால் நாங்கள் தப்பிப்போமா?

ப: முதல் மூன்று நாள் தப்பிப்பீர்கள். 2015-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நாட்டின் சுமார் 30 கோடி மக்களையும் கணினியில் வைத்து ஜாம்பித் தொற்றைப் பரப்பிப் பார்த்தார்கள். விமானம், ரயில் எதுவும் கிடையாது, ஜாம்பி நடந்துதான் போகும் என்பது கணக்கு. பெருநகரங்கள் மளமளவென்று விழுந்தன. ராக்கி மலைத்தொடரின் வடபகுதி போல ஆளில்லாத இடங்கள் கடைசிவரை நின்றன. சுவாரசியம் நடுவில்தான்: தொற்று தொடங்கி ஒரு மாதம் ஆகும்போது ஆபத்து மிகுந்த இடங்களில் ஒன்று வடகிழக்கு பென்சில்வேனியா. அது பெருநகரம் அல்ல. பெருநகரங்களுக்கு இடையே மாட்டிக்கொண்ட பகுதி. ஆம்பூரும் சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில், நெடுஞ்சாலை மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் இரவு பகலாக நடக்கும் ஜாம்பி சென்னையிலிருந்து நாலு நாளில் வந்துவிடும். மூன்றாம் நாளே ஜவ்வாது மலைப் பக்கம் ஒதுங்குங்கள். சைக்கிளில் போவது நல்லது. பெட்ரோல் பங்க் வரிசையில் நின்று கடிபடுவானேன்? பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் காற்றடிக்கும் பம்ப்பும் மறக்க வேண்டாம்.

கே: கடிபட்டவரை ஒரு அறையில் அடைத்து வைத்தால் போதாதா?

ப: போதாது. 2009-ல் கனடாவின் ஒட்டாவாவில் கணித ஆய்வாளர்கள் போட்ட கணக்கில், தனிமைப்படுத்துவது அழிவைத் தள்ளிப்போட்டதே தவிர நிறுத்தவில்லை. திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் பலமாகத் தாக்கினால்தான் மனிதர்கள் மிஞ்சினார்கள்.

நிஜத்தில் கடியால் பரவி மூளையைத் தாக்கும் நோய் என்றால் ரேபிஸ். நாய் கடித்தால் குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், இரண்டு நிமிடமே பதினைந்தாகத் தோன்றும். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம்; புண்ணை எரிச்சலாக்கிக் கிருமியை உள்ளே தள்ளும். அன்றே தடுப்பூசி, தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ம் நாட்கள். ரத்தம் வரக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்புப்பொருள் ஊசியும் போட வேண்டும். தண்ணீரைக் கண்டு மிரளும் நிலை வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

கே: அரிவாளா, கடப்பாரையா?

ப: அரிவாள் எலும்பில் சிக்கிக்கொள்ளும். கடப்பாரையை மூன்று வீச்சுக்கு மேல் தூக்க முடியாது. அந்தக் காசில் கிரில் கேட்டுக்கு உள்பக்கம் பிளைவுட் அடித்துவிடுங்கள்.