கை காட்டிய திசை

அன்புள்ள ஐயா,

கும்பகோணம் பள்ளித் தீ விபத்தைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் தீயணைப்புத் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அன்று வேறோர் ஊர் நிலையத்தில் பணியில் இருந்தேன். எங்கள் வண்டி போய்ச் சேர்ந்தபோது தீ அணைந்திருந்தது. தெருமுனையில் கயிறு கட்டிக் கூட்டத்தை விலக்கி, ஆம்புலன்சுக்கு வழி ஏற்படுத்தச் சொன்னார்கள். காக்கியைப் பார்த்து ஒவ்வொருவராக வந்து விசாரித்தார்கள். “மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை எங்கே வைத்திருக்கிறார்கள்?” என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் கையைக் காட்டினேன். அவர் ஓடினார். அந்தப் பிள்ளை கிடைத்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை இருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்கும் போனேன். இதையெல்லாம் எழுதி வைக்கும்படி பேத்தி சொல்கிறாள். உள்ளே போய்ப் பிள்ளைகளைத் தூக்கியவர்கள் வேறு பேர். எனக்கு எழுத உரிமை உண்டா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஐயா,

எழுதுங்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கட்டடத்துக்குள் நடந்தவை ஏட்டில் ஏறிவிட்டன. சத்துணவுச் சமையல் நடந்த இடத்தில் பிடித்த தீ கீற்றுக்குத் தாவியது. மாடியில் கீற்றுக் கூரையின் கீழ் வகுப்புகள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் போய்விட்டார்கள். நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. பத்து ஆண்டு கழித்து, 2014 ஜூலை 30 அன்று, தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைத் தண்டித்து 11 பேரை விடுவித்தது. தெருமுனையில் கயிற்றைப் பிடித்து நின்றவரிடம் ஊர் வந்து என்ன கேட்டது என்பது இந்தக் காகிதங்களில் எங்கே இருக்கிறது? அதற்கு நீங்கள்தான் சாட்சி.

அந்தக் கையைப் பற்றி. காயம்பட்டவர்களையும் இறந்தவர்களையும் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனார்கள். ஆகவே நீங்கள் காட்டிய திசை தவறில்லை. ஆனால் இதைச் சொன்னால் உங்கள் மனம் ஆறிவிடும் என்று நான் நம்பவில்லை. தெரியாததைத் தெரிந்தவர் போலக் காட்டிவிட்டோமே என்பதுதான் உங்களை அறுக்கிறது என்று படுகிறது. அதைப் பூசி மெழுகாமல் எழுதுங்கள். அந்த நேரத்தில் ஒரு தகப்பனிடமோ தாயிடமோ “தெரியாது” என்று சொல்ல யாருக்கு நா எழும்?

இன்னொன்றும் இருக்கிறது. கூரை பார்க்கப் போனதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் வேண்டும். 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயிலில் தீப்பிடித்த யாகசாலைப் பந்தல். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் எரிந்துபோன கொட்டகை. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில், மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பந்தல். ஆறே மாதத்தில் கும்பகோணம். எல்லாவற்றிலும் அதே காய்ந்த கீற்று, அதே மூங்கில். தீப்பற்றினால் அது நின்று எரியாது, அடியில் இருப்பவர்கள் தலையில் விழும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை பேர் போன பிறகும் ஒரு பள்ளிக் கூரையை இறக்குவதற்கு 94 குழந்தைகள் வேண்டியிருந்தார்களே என்று நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு பதறுகிறது.

நானும் ஐந்தாம் வகுப்பு வரை கீற்றுக் கொட்டகையில் படித்தவன். பங்குனி வெயிலில் ஓட்டுக் கட்டடத்துப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், அவ்வளவு குளுமை. நீங்கள் போன பள்ளிகளிலும் இதையே சொல்லியிருப்பார்கள்: பிள்ளைகளுக்குக் குளுமை, ஓடு போடப் பணமில்லை, அடுத்த ஆண்டு மாற்றிவிடுகிறோம். அவர்களுக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? உங்கள் முன்னால் இறக்கிய கூரைகள் எத்தனை? எந்தப் பள்ளியில் மிகவும் சண்டை போட வேண்டியிருந்தது? பள்ளிகளில் தீப்பாதுகாப்பு கட்டாயம் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஐந்து ஆண்டு முன்பே வெயிலில் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கியவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கே தொடங்குவது என்று திகைக்க வேண்டாம். நிலையத்தில் தொலைபேசியை எடுத்தது யார், வண்டியில் எத்தனை பேர் ஏறினீர்கள், வழியில் என்ன பேசிக்கொண்டீர்கள், கயிற்றின் மறு முனையைப் பிடித்திருந்தது யார் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த ஒருவர் வரும் இடம் தானாக வரும். அங்கே கை நின்றுவிட்டால் நிறுத்திவிட்டு மறுநாள் எழுதுங்கள்.

நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி அனுப்பினாலே போதும். தட்டச்சு செய்யும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.