தொட்டால் பொருள் சொல்ல வேண்டும்: மின்வாசிப்பான் பற்றி வாசகர் கேள்விகள்

"புதிதாக ஒரு மின்வாசிப்பான் (மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள கருவி) வாங்கினால் அதில் என்ன இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் ஐந்துக்கு இப்போது பதில் சொல்கிறேன். நான் கல்லூரி நூலகத்தில் 27 வருடம் வேலை பார்த்தவள். இப்போது தஞ்சாவூர் வீட்டில் 84 வயது அம்மாவும் நானும் ஆளுக்கொரு கருவியில் படிக்கிறோம். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கே: அம்மா, என்னிடம் ஆறு அங்குலக் கருவி இருக்கிறது. இணையத்தில் இறக்கிய பழைய நூல்களின் பிடிஎஃப் அதில் எறும்பு ஊர்வதுபோல் தெரிகிறது. பெரிதாக்கினால் பக்கத்தை இழுத்து இழுத்தே அலுத்துப்போகிறது. புதுக் கருவி வாங்கினால் சரியாகுமா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சேலம்)

ப: பாதி சரியாகும், ஐயா. மீதிக் குறை கோப்பில் இருக்கிறது. உங்கள் திரையின் அகலம் சுமார் 9 சென்டிமீட்டர். டெமி என்ற வழக்கமான அச்சு அளவில் வரும் புத்தகத்தின் அகலம் ஏறக்குறைய 14. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இந்தத் திரைக்குள் அடைத்தால் 10 பாயிண்ட் எழுத்து ஆறரைப் பாயிண்டாகச் சுருங்கிவிடும். ஏ4 தாளில் செய்த பிடிஎஃப் என்றால் பாதிக்கும் கீழே போய்விடும். அந்த அளவில் நம் ணை, ஞூ போன்ற எழுத்துகளின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

அதனால் முதலில் அதே நூல் இபப் வடிவத்தில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். இபப் கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருக்கும், நீங்கள் கேட்கும் அளவுக்கு வளரும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்கள் ஏராளம். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் இபப் கிடைக்கும், ஆறு அங்குலத் திரைக்கென்றே தனியாகச் செய்த பிடிஎஃப்பும் கிடைக்கும். படமாக மட்டுமே இருக்கும் பழைய பதிப்புகளுக்கு 10.3 அங்குலத் திரைதான் வசதி. டெமி பக்கம் அதில் ஏறக்குறைய அச்சில் இருந்த அளவிலேயே தெரியும். ஆனால் விலை கூட, படுத்துக்கொண்டு படிக்கக் கனமும் கூட. கோபோ, பாக்கெட்புக் போன்ற கருவிகளில் போட்டுக்கொள்ளக்கூடிய கோரீடர் என்ற இலவச மென்பொருள் பக்க ஓரத்து வெள்ளையை வெட்டிக் காட்டும். அதுவே எழுத்தைக் கணிசமாகப் பெரிதாக்கிவிடும். இந்த வசதியை எல்லாக் கருவிகளும் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே தர வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்று. வரிகளை இருபக்கமும் சீராக நிறுத்தும் அமைப்பை மாற்றி, இடப்பக்கம் மட்டும் சீராக வைத்துப் பாருங்கள். நம் சொற்கள் நீளமானவை. அவற்றை வரி முடிவில் அசை பார்த்து உடைக்கத் தெரியாத மென்பொருள், சொற்களுக்கு நடுவே பொத்தல் பொத்தலாக வெள்ளை விட்டுவிடுகிறது.

கே: வணக்கம் அம்மா. ஆங்கில நூல் வாசிக்கும்போது எந்தச் சொல்லைத் தொட்டாலும் பொருள் வருகிறது. தமிழ் நூலில் தொட்டால் பெரும்பாலும் "பொருள் இல்லை" என்றுதான் வருகிறது. தமிழ் அகராதியையும் ஏற்றித்தான் வைத்திருக்கிறேன். ஏன் இப்படி? (பல்கலைக்கழக மாணவி, யாழ்ப்பாணம்)

ப: இந்த ஒரு கேள்விக்காகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் கொடுத்திருக்கலாம்.

"வீட்டிலிருந்துதான்" என்ற சொல்லைத் தொடுகிறீர்கள். அகராதியில் இருப்பது "வீடு". அது வீட்டு என்று திரிந்து, இல், இருந்து, தான் என்று மூன்றையும் வால்போல் சேர்த்துக்கொண்டு நிற்கிறது. கருவி அந்த முழுச் சொல்லையும் அப்படியே அகராதியில் தேடுகிறது, கிடைக்கவில்லை என்கிறது. "வந்துகொண்டிருந்தபோது" என்பதில் தேட வேண்டியது "வா". "மரத்தடியில்" என்பதில் மரம், அடி என்று இரண்டு சொற்கள். தமிழில் ஒரு வினைச்சொல் ஆயிரக்கணக்கான வடிவங்கள் எடுக்கும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அங்கே ஒரு வினைக்குச் சில வடிவங்கள்தான் என்பதால், அகராதி செய்பவர்கள் அத்தனையையும் பட்டியலாக உள்ளே வைத்துவிடுகிறார்கள். நமக்குப் பட்டியல் போதாது. சொல்லைப் பிரித்து வேரைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அகராதிக்குப் பஞ்சம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் அனுபந்தமும் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இன்று அதில் இலவசமாகத் தேடலாம். எங்கள் நூலகத்தில் அந்தத் தொகுதிகளை மாணவர்களுக்கு எடுத்துக் கொடுத்த கை இது. அவ்வளவு உழைப்பும் இருந்தும், ஒரு வேற்றுமை உருபு ஒட்டியதும் விரலுக்கு எட்டாமல் போகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

தேடலிலும் இதே கதை. "கௌரவம்" என்று தேடுங்கள். பல மின்னூல்களில் அது கிடைக்காது. ஏனென்றால் அங்கே தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறியைப் போடாமல், கெ போட்டுப் பக்கத்தில் ள போட்டு "கெளரவம்" என்று அடித்திருப்பார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், கணினிக்கு வேறு வேறு. "கொடி" என்பதில் உள்ள ஒகரக் குறியைக்கூட, கணினியின் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதியே சொல்கிறது. அந்த விதியை மென்பொருள் மதித்தால் போதும், பாதி தேடல் சரியாகிவிடும்.

இப்போதைக்கு ஒரு வழி: பொருள் வராத சொல்லைத் தொட்ட பிறகு, தேடும் பெட்டியில் வாலை நீங்களே அழித்து வேர்ச்சொல்லைத் தட்டுங்கள். "நூலகம்" என்ற இணையதளத்திலிருந்து ஈழத்து நூல்களை இறக்கிப் படிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவற்றில் வரும் வட்டார வழக்குகளை வாசகரே சேர்த்துக்கொள்ளும் சொந்த அகராதியும் கருவியில் வேண்டும். அப்படி ஒன்று வந்தால் முதல் ஆளாக நான் தஞ்சாவூர்ச் சொற்களை ஏற்றுவேன்.

கே: மேடம், கலர்த் திரை வந்துவிட்டதே, அதையே வாங்கிவிடலாமா? (கோயம்புத்தூர்)

ப: நாவல், கட்டுரை படிக்கத் தேவையில்லை. 2024 ஏப்ரலில் கோபோவும் அக்டோபரில் அமேசானின் கிண்டிலும் வண்ணக் கருவிகளைக் கொண்டுவந்தன. அவற்றில் கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணப் படம் 150 புள்ளிதான். மேலே வண்ண வடிகட்டி இருப்பதால் பின்னணி கொஞ்சம் மங்கலாகவும் இருக்கும். வீட்டில் படக்கதை படிக்கும் குழந்தை இருந்தால் வாங்குங்கள்.

கே: என் கணக்கில் 300 மின்னூல்கள் இருக்கின்றன. எனக்குப் பிறகு அவை என் மகளுக்குப் போகுமா? (மதுரை)

ப: கடைக்காரர்கள் பெரும்பாலும் விற்பது படிக்கும் உரிமத்தை மட்டும்தான். அலமாரிப் புத்தகம்போல் அது உங்கள் சொத்தாவதில்லை. 2009 ஜூலையில் அமேசான், ஓர் ஆங்கில எழுத்தாளரின் இரண்டு நாவல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பின்னால் மன்னிப்பும் கேட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் திறக்காமல் போயின, அங்கேயும் பணம்தான் திரும்பியது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வழியையும் கிண்டில் கடை எடுத்துவிட்டது.

எனக்கே ஒன்று நடந்தது. ஒரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு, நான்கு வருடமாக அடிக்கோடிட்டுச் சேர்த்த குறிப்புகளை வெளியே எடுத்தேன். ஆங்கிலம் ஒழுங்காக வந்தது, தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. அதிலிருந்து முக்கியமான வரிகளை நோட்டில் கையால் எழுதி வைக்கிறேன்.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், விற்பது உரிமம் மட்டும் என்றால் வாங்குபவரிடம் அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நமக்கும் அது வேண்டும், அதுவும் தமிழில். அதுவரை, மகளுக்கென்று நினைக்கும் புத்தகங்களை எழுத்தாளரிடமிருந்தோ பதிப்பாளரிடமிருந்தோ பூட்டில்லாத, அதாவது படி எடுக்கத் தடையில்லாத, கோப்பாக வாங்க முடிகிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் இரண்டு இடங்களில் படி எடுத்து வையுங்கள்.

கே: அப்பாவுக்குக் கை நடுக்கம். திரையைத் தொட்டால் ஐந்து பக்கம் தாண்டிப் போய்விடுகிறது. என்ன வாங்கலாம்? (திருநெல்வேலி)

ப: பக்கம் திருப்பப் பொத்தான் உள்ள கருவி வாங்குங்கள். பொத்தான் வைத்த கிண்டில் ஒயாசிஸ் 2024இல் நின்றுவிட்டது. இது பெரிய இழப்பு, வயதானவர்களை யாராவது கேட்டிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்கள். கோபோ லிப்ரா வகையில் பொத்தான் இருக்கிறது. என் அம்மா பொத்தான் கருவிக்கு மாறியது கண்புரை அறுவைக்குப் பிறகு. கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துவிட்டால் அப்புறம் கையை எடுப்பதே இல்லை, மத்தியானம் முழுக்கப் படிக்கிறார். எழுத்துருவையும் மாற்றிக் கொடுங்கள். கருவியைக் கணினியில் இணைத்து, ஃபான்ட்ஸ் என்ற கோப்புறையில் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைப் போட்டால் பட்டியலில் வந்துவிடும். பணம் கட்டும் முன், முடிந்தால் யாரிடமாவது இருக்கும் கருவியை அப்பா கையில் கொடுத்துப் பத்துப் பக்கம் புரட்டச் சொல்லிப் பாருங்கள்.