பீனிக்ஸில் செடி வைக்க அக்டோபர் வரை பொறுங்கள்

அமெரிக்காவில் அரிசோனாவின் பாலைவன நகரான பீனிக்ஸுக்குக் குடிவந்து மூன்று மாதம், கொல்லை முழுக்கச் சரளைக்கல், வைத்த செம்பருத்தி இரண்டே வாரத்தில் கருகிவிட்டது, தண்ணீர் அதிகம் கேட்காத இந்த மண்ணின் செடி எதை வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. எதுவானாலும் இந்த ஜூலையில் வேண்டாம். வேர் பிடிக்காத பாலைச் செடியும் இந்த வெயிலில் கருகும். 2023-இல் தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டிய ஊர் இது. அக்டோபர், நவம்பரில் நட்டால் அடுத்த கோடைக்குள் வேர் இறங்கிவிடும்.

என் முதல் செடி வெயிலில் சாகவில்லை, நான் ஊற்றிய தண்ணீரில் செத்தது. பிரிட்டில்புஷ் என்று பெயர். சாம்பல் நிற இலை, மஞ்சள் பூ. கோடையில் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நின்றதும் பதறிப்போய் இரண்டு வேளையும் ஊற்றினேன். கடைசியில் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, வழவழவென்று ஒரே நாற்றம். ஓரடிக்குக் கீழே சுக்கான் பாறை, இங்கே கலீச்சி என்பார்கள். என் குழி கிண்ணம் மாதிரி தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தது. பாவம், அது இலை உதிர்த்ததே ஈரத்தை மிச்சம் பிடிக்கத்தான்.

அதனால் குழி வெட்டியதும் நிறையத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் கடப்பாரையால் அடிப்பாறையை உடையுங்கள், முடியாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் செடி வாங்கிவந்த தொட்டி மண்ணின் உயரம் போதும். எரு வேண்டாம். சொட்டுநீர்க் குழாயைத் தினமும் திறக்காமல், சில நாள் இடைவெளி விட்டு, இரண்டடி ஆழம் நனையும்வரை விடுங்கள். நீளக் கம்பியைக் குத்தினால் ஈரம் உள்ளவரை சுலபமாக இறங்கும்.

முதலில் சுப்பரோசா வையுங்கள். நம் ஆடாதோடையின் பேரினம்தான். சிவப்புக் குழல் பூவுக்கு ரீங்காரச்சிட்டு, அதாவது ஹம்மிங்பேர்ட், தேடி வரும். அப்புறம் கிரியோசோட் என்ற புதர்ச்செடி. மழை பெய்ததும் இந்த ஊரே மணப்பது அந்த இலையால்தான். தெருவெல்லாம் ஊதாவாகப் பூக்கும் டெக்சஸ் சேஜும் தாங்கும், ஆனால் அது கிழக்கே உள்ள வேறு பாலையின் செடி. எதையும் காட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள், அரிசோனாவில் அதற்குச் சட்டம் இருக்கிறது. உங்கள் குடியிருப்புக்குச் சங்கம் இருந்தால் நடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

செம்பருத்தி ஆசையையும் விட வேண்டாம். அதைத் தொட்டியில், காலை வெயில் மட்டும் படும் பக்கமாக வையுங்கள். அதற்குத் தினம் தண்ணீர் ஊற்றலாம்.