பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகள் உடம்புக்குள் உண்மையில் எப்படி இருக்கின்றன?

கேள்வி இது: "பாடப் புத்தகப் படத்தில் நடுவில் கருப்பை, இரண்டு பக்கமும் விரிந்த குழாய்கள், அவற்றின் நுனியில் சினைப்பைகள் என்று இருக்கிறது. உடம்புக்குள்ளும் அப்படியேதான் இருக்குமா? ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது? 14ஆம் நாள் கருமுட்டை வெளியாகும் என்பது எல்லாப் பெண்களுக்கும் பொருந்துமா?"

நான் செவிலியர் மாணவிகளுக்கு உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்தப் படத்தில் பாகங்களைக் குறித்து மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் ஒரு பெண் தன் உடம்பைப் புரிந்துகொள்ள அது உதவாது. எல்லாவற்றையும் தட்டையாக விரித்து, அசையாமல் நிற்க வைத்து வரைந்த படம் அது. உண்மையில் இந்த உறுப்புகள் சாய்ந்தும் மடங்கியும் இருக்கின்றன, அசைகின்றன, மாதத்துக்குள்ளேயே மாறுகின்றன. அதனால் வகுப்பில் நான் எப்போதும் பக்கவாட்டில் வெட்டிய படத்திலிருந்துதான் தொடங்குவேன்.

பக்கவாட்டில் பார்த்தால் முதலில் வருவது சிறுநீர்ப்பை, அதற்குப் பின்னால் கருப்பை, அதற்கும் பின்னால் மலக்குடல். கருப்பை நிமிர்ந்து நிற்பதில்லை. பெரும்பாலான பெண்களுக்கு அது முன்பக்கமாகச் சாய்ந்து சிறுநீர்ப்பையின் மேல் கவிழ்ந்திருக்கும். சிறுநீர்ப்பை நிரம்பினால் பின்னால் நகரும், காலியானால் மறுபடி முன்னால் வந்துவிடும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணுக்கு அது பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஸ்கேன் அறிக்கையில் 'ரெட்ரோவெர்ட்டட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறிப் போகிறவர்கள் நிறையப் பேர். அதுவும் இயல்பான அமைப்புதான், அந்தச் சாய்வு மட்டுமே குழந்தைப் பேற்றைத் தடுப்பதில்லை.

கர்ப்பம் இல்லாதபோது கருப்பையின் நீளம் 7 முதல் 8 சென்டிமீட்டர், அகலம் 5, தடிமன் 2.5 அளவில் இருக்கும். எடை சுமார் 60 கிராம். பிரசவ நேரத்தில், குழந்தையைச் சேர்க்காமலே, அது ஒரு கிலோவை நெருங்கிவிடும். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரத்தில் ஏறக்குறைய பழைய அளவுக்குத் திரும்பும். படத்தில் உள்ளே பெரிய வெற்றிடம் இருப்பதுபோல் வரைந்திருப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று தொட்டபடிதான் இருக்கும். யோனிக்குழாயும் அப்படியே. சுவர்கள் ஒட்டி, மடிப்பு மடிப்பாக இருக்கும், தேவைப்படும்போதுதான் விரியும்.

உள்ளே போவதற்கு முன் வெளிப்பகுதியைச் சொல்லிவிடுகிறேன். இதைத்தான் பலரும் தவிர்த்துவிட்டுப் போகிறார்கள். பெண்ணுக்கு அங்கே மூன்று தனித்தனித் திறப்புகள். முன்னால் சிறுநீர்த் திறப்பு, நடுவில் யோனித் திறப்பு, பின்னால் ஆசனவாய். சிறுநீரும் மாதவிடாய் இரத்தமும் ஒரே வழியில் வருவதாக நினைக்கும் பெரியவர்களை இன்றும் சந்திக்கிறேன். சிறுநீர்க் குழாய் பெண்களுக்கு வெறும் 4 சென்டிமீட்டர்தான், ஆசனவாயும் பக்கத்திலேயே இருக்கிறது. சிறுநீர்த் தொற்று பெண்களுக்கு அடிக்கடி வருவதற்கும், முன்னிருந்து பின்னாகத் துடைக்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

யோனி இதழ்களின் அளவும் நிறமும் ஆளுக்கு ஆள் மாறும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இதழ்கள் மேலே சேரும் இடத்தில் தெரியும் கிளிட்டோரிஸ், முழு உறுப்பின் நுனி மட்டும்தான். மீதி உள்ளே இருக்கிறது. தண்டுப் பகுதி ஒன்று, இடுப்பெலும்பை ஒட்டிப் பின்னோக்கிப் போகும் இரண்டு கால்கள், யோனித் திறப்பின் இருபுறமும் இரண்டு குமிழ்கள். ஆஸ்திரேலியச் சிறுநீரக அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் இதன் முழு அளவு மருத்துவ உலகில் பரவலாகப் பேசப்பட்டது. கருவில் ஆணுக்கு எந்தத் திசுவிலிருந்து ஆண்குறி உருவாகிறதோ, அதே திசுவிலிருந்துதான் பெண்ணுக்கு இது உருவாகிறது. இன்ப உணர்வுதான் இதன் வேலை. அதை மறைத்துப் பாடம் நடத்த எனக்குச் சம்மதமில்லை.

கன்னித்திரை பற்றியும் அடுத்து கேட்பார்கள். அது வழியை மூடி நிற்கும் திரை கிடையாது. யோனித் திறப்பின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய திசு, அவ்வளவுதான். நடுவில் இடைவெளி இருப்பதால்தானே மாதவிடாய் வெளியே வருகிறது? வெகு சிலருக்கு முழுவதுமாக மூடியிருக்கும், அதற்குச் சிகிச்சை தேவை. அதன் வடிவம் ஒவ்வொருவருக்கும் வேறு, முதல் உறவில் இரத்தம் வரலாம், வராமலும் போகலாம். அதைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டவளா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. 'கன்னித்தன்மைப் பரிசோதனை' என்ற பழக்கத்தையே ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018இல் கேட்டுக்கொண்டன.

சரி, உள்ளே போவோம். யோனிக்குழாயில் லாக்டோபேசில்லஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. சுவர்ச் செல்களில் இருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பின் உதவியால் லாக்டிக் அமிலம் உண்டாகி, அந்த இடம் 3.8 முதல் 4.5 வரையிலான பி.ஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், 7க்குக் குறைந்தால் அமிலம்) அளவில் அமிலத்தன்மையோடு இருக்கிறது. நோய்க்கிருமிகளுக்கு அது ஒத்துவராது. உள்ளே சோப்பு போட்டோ வாசனைத் திரவம் பீய்ச்சியோ கழுவினால் இந்தப் பாதுகாப்புதான் போகும். வெளியே தண்ணீரால் கழுவினால் போதும், உட்பகுதி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

யோனிக்குழாயின் மேல்முனையில் கருப்பை வாய் இருக்கிறது. சுகப்பிரசவம் ஆகாதவர்களுக்கு அதன் நடுத்துளை சிறு வட்டமாகவும், ஆனவர்களுக்குக் குறுக்குக் கோடாகவும் தெரியும். இந்த வாயில் சுரக்கும் சளிதான் வாயிற்காவல். மாதத்தின் பெரும்பகுதி கெட்டியாக இருந்து வழியை அடைக்கும். கருமுட்டை வெளியாகும் நாட்களில் மட்டும் முட்டையின் வெள்ளைக்கருபோல் தெளிந்து, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால் நூலாக நீளும். விந்தணுக்கள் எளிதாக நீந்திப் போக முடிவது அந்தச் சில நாட்களில்தான். இந்த வெள்ளைப்படுதலை நோய் என்று நினைத்து மருந்து கேட்டு வருபவர்கள் உண்டு. அரிப்பு, எரிச்சல், துர்நாற்றம், நிறமாற்றம் இருந்தால் காட்ட வேண்டும். இல்லையென்றால் உடம்பு தன் வேலையைச் செய்கிறது.

இனி சினைப்பையும் கருக்குழாயும். இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. படத்தில் குழாயின் நுனியில் சினைப்பை ஒட்டியிருப்பதுபோல் இருக்கும். உண்மையில் குழாயின் வாய் சினைப்பையோடு இணைக்கப்படவில்லை, வயிற்றறைக்குள் திறந்திருக்கிறது. சினைப்பை, இணைப்புத் திசுக்களில் தனியாகத் தொங்குகிறது. அப்படியென்றால் கருமுட்டை எப்படிக் குழாய்க்குள் போகிறது?

குழாய்தான் அதைப் பிடித்துக்கொள்கிறது. குழாயின் வாயில் ஃபிம்ப்ரியா என்ற குஞ்சங்கள் இருக்கின்றன. கருமுட்டை வெளியாகும் நேரம் நெருங்கும்போது அவை இரத்தம் பாய்ந்து விறைத்து, சினைப்பையின் மேல்பரப்பைத் தடவத் தொடங்கும். சினைப்பையின் மேல் ஒரு நுண்ணறை, அதாவது முட்டையைச் சுமக்கும் நீர் நிறைந்த சிறு பை, சுமார் 2 சென்டிமீட்டர் அளவுக்குப் புடைத்து நிற்கும். அதன் சுவர் மெலிந்து திறந்து, பிசுபிசுப்பான செல் கூட்டத்தால் சூழப்பட்ட கருமுட்டை மெதுவாக வெளியே வரும். பட்டென்று வெடித்துத் தெறிப்பதாகத்தான் பலரும் நினைத்திருந்தார்கள். 2008இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த மருத்துவர் ஜாக் டோனே ஒரு பெண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்ய முனைந்தபோது, தற்செயலாக இது நடந்துகொண்டிருந்ததைப் படமெடுத்தார். கால் மணி நேரம் எடுத்தது. அந்தப் பிசுபிசுப்பைக் குஞ்சத்தில் உள்ள நுண்மயிர்கள் பற்றி, குழாய்க்குள் தள்ளிவிடும். ஒரு பக்கச் சினைப்பையில் வெளியான முட்டையை மறுபக்கக் குழாய் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஒரு குழாயை இழந்த பெண்கள் கருத்தரிப்பதில் இதற்கும் பங்கு இருக்கிறது.

இத்தனைக்கும் அந்தக் கருமுட்டையின் அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரியலாம், அவ்வளவே. பாலூட்டிகளின் கருமுட்டையை 1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் என்ற உயிரியலாளர் கண்டு சொல்லும் வரை, அதைச் சுமக்கும் நுண்ணறையையே முட்டை என்று எண்ணியிருந்தார்கள். கருவில் ஐந்தாம் மாதத்தில் பெண் சிசுவுக்கு 60, 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பூப்படையும்போது 3, 4 லட்சம். வாழ்நாளில் வெளியாவது சுமார் 400, 500 மட்டுமே. இருக்கும் முட்டைகள் எல்லாம் பிறப்பதற்கு முன்பே செல் பிரிதலைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி வைத்தவை. 35 வயதில் வெளியாகும் முட்டை 35 வருடமாக அப்படிக் காத்திருந்தது. வயது கூடக் கூட முட்டையின் குரோமோசோம்களில் (மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகளில்) பிழைகள் அதிகமாவதற்கு இது முக்கியக் காரணம்.

கருக்குழாயின் நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர். விந்தணு முட்டையைச் சந்திப்பது கருப்பையில் இல்லை, இந்தக் குழாயின் அகன்ற பகுதியில். அங்கிருந்து கரு மூன்று நான்கு நாள் பயணம் செய்து கருப்பையை அடைகிறது. கருத்தரித்து ஒரு வாரம் அளவில் சுவரில் பதிகிறது. பழைய தொற்றால் குழாயின் உட்பரப்பு சிதைந்திருந்தால், கரு வழியிலேயே பதிந்துவிடலாம். மாதவிடாய் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலித்து, தலைசுற்றலோ தோள்பட்டை வலியோ வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

முட்டை வெளியேறிய நுண்ணறை வீணாவதில்லை. கார்பஸ் லூட்டியம் என்ற சுரப்பியாக மாறி இரண்டு வாரம் புரோஜெஸ்டிரோன் சுரக்கிறது. கருப்பையின் உட்படலம் கருவைத் தாங்கும் நிலையில் இருப்பது இந்த ஹார்மோனால்தான். கரு பதிந்தால் அது ஹெச்.சி.ஜி என்ற ஹார்மோனை அனுப்பி, "சுரப்பதை நிறுத்தாதே" என்று சொல்கிறது. வீட்டில் செய்யும் கர்ப்பப் பரிசோதனை பிடிப்பது அந்த ஹெச்.சி.ஜியைத்தான். செய்தி வராவிட்டால் சுரப்பி சுருங்கும், புரோஜெஸ்டிரோன் இறங்கும், உட்படலத்தின் சுருள் இரத்தக்குழாய்கள் இறுகும். இரத்தம் கிடைக்காத மேலடுக்கு உதிரும், அடியடுக்கு அப்படியே இருந்து அடுத்த படலத்தை வளர்க்கும். அப்போது உண்டாகும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கருப்பைத் தசையைச் சுருங்க வைக்கிறது, வலி அதனால்தான். ஒரு மாதவிடாயில் போகும் இரத்தம் பொதுவாக 30, 40 மில்லி. 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம். மணிக்கொருமுறை நாப்கின் நனைந்தாலோ, வேலை செய்ய முடியாத அளவுக்கு வலித்தாலோ, "எல்லோருக்கும் இருப்பதுதான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், 14ஆம் நாள் கணக்கு. 28 நாள் சுழற்சிக்கு மட்டும் ஏறக்குறையப் பொருந்தும் கணக்கு அது. வயது வந்தவர்களுக்கு 21 முதல் 35 நாள் வரை எதுவும் இயல்புதான். கூடிக் குறைவது பெரும்பாலும் முட்டை வெளியாவதற்கு முந்தைய பாதி. பிந்தைய பாதி கார்பஸ் லூட்டியத்தின் ஆயுள் என்பதால் அதிகம் மாறாது, பெரும்பாலும் 12 முதல் 14 நாள். எனவே அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 35 நாள் சுழற்சி என்றால் 21ஆம் நாள் அளவில், 24 நாள் சுழற்சி என்றால் 10ஆம் நாள் அளவில். முட்டை 24 மணி நேரத்துக்கு மேல் தாங்காது, விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். ஆகவே கருத்தரிக்க வாய்ப்புள்ளது முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்.

சிக்கல் என்னவென்றால், அடுத்த மாதவிடாய் எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரியாது. கைபேசிச் செயலிகள் கடந்த மாதங்களை வைத்து ஊகிக்கின்றன. காய்ச்சல், மன அழுத்தம், தூக்கமின்மை எதுவும் அதைத் தள்ளிப்போடலாம். கருத்தரிக்க விரும்புகிறவர்கள் மேலே சொன்ன சளி மாற்றத்தைக் கவனியுங்கள். முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.ஹெச் ஹார்மோனைச் சிறுநீரில் கண்டறியும் பரிசோதனைப் பட்டையும் உண்டு, அது முட்டை வெளியாவதற்கு ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை நாள் முன்பே காட்டிவிடும். காலையில் எழுந்ததும் எடுக்கும் உடல் வெப்பம் சற்றே கூடுவது முட்டை வெளியான பிறகுதான், அதனால் அது நடந்ததை உறுதிப்படுத்துமே தவிர வரப்போவதைச் சொல்லாது. கர்ப்பம் வேண்டாம் என்பவர்கள் வெறும் நாள் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம், மருத்துவரிடம் வேறு வழி கேட்டுக்கொள்ளுங்கள்.